பதின்மூன்று பின் ஓட்டையும் பறங்கியர் வயலினும்

கல்லடியில் நாங்கள் கூடுகிற அறையின் மூலையில் ஒரு கிட்டார் சாய்ந்து கிடக்கு. யாருடையது என்று கேட்டால் 'எங்கட' என்றுதான் சொல்லுவோம். எங்களில் ஒருவனின் மாமா மொன்றியலில் இருந்து விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது. திரும்பிப் போகும்போது பெட்டியில் நிறை கூடிப்போச்சு என்று மருமகனிடம் விட்டுவிட்டுப் போனார். மருமகனுக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த மூன்று பேரிடம் சொந்தக் கிட்டார் இல்லை. இப்படித்தான் அது பொதுச் சொத்தானது. கம்பி அறுந்தால் காசு சேர்ப்பது, பற்றரி வாங்குவது, இந்தக் கிழமை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று சண்டை பிடிப்பது, எல்லாமே கூட்டாகத்தான்.

பார்க்கக் கொஞ்சம் விசித்திரமான கிட்டார். நைலோன் கம்பி, ஆனால் நடுவில் வட்டத் துளை கிடையாது. உடம்பு மெல்லிசு. சும்மா வாசித்தால் அடுத்த அறைக்குக் கேட்காது. விளிம்பில் வயர் குத்துகிற வழமையான ஓட்டை ஒன்று. அதற்குப் பக்கத்தில் வட்டமாக இன்னொன்று, உள்ளே எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று சின்னத் துளைகள். டவுனில் சவுண்ட்ஸ் வைத்திருக்கிற ஒருவரிடம் காட்டினோம். 'இது பழைய கொம்பியூட்டர் வயர் போல கிடக்கு' என்றார். இன்னொருவர் வீடியோ கமராவுக்கு உரியது என்று அடித்துச் சொன்னார். நாங்களும் இரண்டு மாதம் அந்த ஓட்டையை மறந்துவிட்டுச் சாதாரணக் கிட்டாராகவே வாசித்தோம்.

பிறகு ஒரு நாள் மாமாவே தபாலில் ஒரு பழைய பெட்டியையும், இரண்டு பக்கமும் பதின்மூன்று பின் உள்ள தடித்த வயரையும் அனுப்பினார். குத்திப் பார்த்தோம். கிட்டாரின் கம்பியைத் தட்டினால் பெட்டிக்குள் இருந்து வயலின் வந்தது. திருகினால் புல்லாங்குழல். இன்னும் திருகினால் தேவாலய ஓர்கன். அன்று இரவு பன்னிரண்டு மணி வரைக்கும் ஒருத்தரும் வீட்டுக்குப் போகல்ல.

இந்தச் செய்தி ஊரில் எப்படிப் பரவியது என்று தெரியாது. டச்பார் பக்கம் ஒரு பறங்கியர் வீட்டுக் கலியாணத்துக்கு ஆள் வந்து கேட்டார்கள். 'உங்கட கிட்டார்ல வயலின் சத்தம் வருமாமே? எங்கட குழுவில் வயலின் வாசிக்கிறவர் இப்ப இல்ல. ரெண்டு பாட்டுக்கு வந்து வாசிப்பீங்களா?'

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில்தான் தொடங்குது. பதில் சொல்ல முன்னம் அந்த ஓட்டை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தோம். படித்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில், ஏன் பதின்மூன்று? சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரில் ஆறு கம்பியின் சத்தமும் கலந்து ஒரே வயரால் வெளியே வரும். கலந்த பிறகு எது எந்தக் கம்பி என்று பிரிக்கிறது பெரும்பாடு. எங்கட கிட்டாரில் அப்படி இல்லை. பாலத்தில் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே தனித்தனியாக ஒரு சின்னப் படிகம் இருக்கு. கம்பி அதிரும்போது படிகம் நசிந்து விரியும், அப்போது அதில் மின்சாரம் பிறக்கும். அழுத்தினால் மின் பிறக்கும் இந்தக் குணத்தை 1880இல் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள் பரிசோதித்துக் காட்டினார்கள். மேரி கியூரியின் கணவர்தான் இந்தப் பியர். நைலோன் கம்பியைக் காந்தம் உணராது, ஆனபடியால் படிகம்தான் வழி. ஆறு கம்பிக்கு ஆறு பின். ஏழாவது, கலந்த சாதாரணக் கிட்டார் சத்தத்துக்கு. ஒன்று சத்தத்தைக் கூட்டிக் குறைக்க, இரண்டு சுவிட்சுகளுக்கு, இரண்டு மின்சாரத்துக்கு. கூட்டினால் பன்னிரண்டு. மிச்சம் உள்ள ஒரு பின் சும்மா. ஒன்றோடும் இணைக்கப்படாமல் கிடக்கு. எங்கட பீடத்தில் கடைசி வாங்கில் இருக்கிற சிலரை அந்தப் பின்னின் பேர் சொல்லித்தான் இப்ப கூப்பிடுகிறோம்.

மட்டக்களப்பைப் பற்றி எழுதினால் பாடும் மீன் வராமல் விடாது, எனவே இப்பவே சொல்லிவிடுகிறோம். எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி 1848இல் இங்கே இரவில் தோணியில் போய், வாவிக்குள் இருந்து எழுந்த மெல்லிய நாதத்தைக் கேட்டு, பிறகு தன் இலங்கை நூலில் எழுதினார். துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது எங்கட ஆட்களின் பழைய முறை. 1950களில் லாங் என்ற அமெரிக்க யேசுசபைப் பாதிரியார் தண்ணீருக்குள் ஹைட்ரோபோன் இறக்கி அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தார், அது இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. ஹைட்ரோபோன்களும் பெரும்பாலும் எங்கட கிட்டாரின் பாலத்தில் உள்ள அதே வகைப் படிகத்தில் வேலை செய்பவைதான். கல்லடிப் பாலத்துக்குக் கீழேயும் கிட்டார்ப் பாலத்துக்குக் கீழேயும் ஒரே தந்திரம் என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். அந்தச் சிலேடைக்கு அவளுக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தோம்.

சரி, ஓட்டைக்கு வருவோம். சிந்தசைசர் என்றாலே கீபோட் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அதற்குக் காரணம் இருக்கு. கீபோட்டின் கட்டை ஒரு சுவிட்ச். எந்தக் கட்டையை அழுத்தினீர்கள் என்று மெசினுக்கு உடனே தெரியும். கம்பி சுவிட்ச் இல்லை. மெசின் முதலில் கம்பியைக் காதால் கேட்க வேண்டும், பிறகுதான் இது என்ன சுரம் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஜப்பானின் ரோலண்ட் கம்பனி 1977இல் ஜி.ஆர்.-500 என்ற கிட்டார் சிந்தசைசரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1980இல் வந்த ஜி.ஆர்.-300 தான் பெயர் எடுத்தது. அமெரிக்கக் கிட்டார்காரர் பட் மெதெனி 1982இல் வெளியிட்ட 'ஆஃப்ராம்ப்' இசைத்தட்டில், ட்ரம்பெட்டா கிட்டாரா என்று குழம்ப வைக்கிற சத்தம் அந்தக் கருவியினுடையது. அப்போது வயரில் இருந்தது 24 பின். 1980களின் கடைசியில்தான் அது 13 ஆகச் சுருங்கியது.

இடையில் 1983இல் மிடி வந்தது. வெவ்வேறு கம்பனிகளின் கருவிகள் ஒரே வயரில் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது மொழி. மிடியில் சத்தம் போகாது, இலக்கம்தான் போகும். எந்தச் சுரம் என்பதற்கு 0 முதல் 127 வரை ஓர் இலக்கம். கிட்டாரின் ஆகத் தடித்த கம்பியைத் திறந்து தட்டினால் 40. ஹார்மோனியத்தின் நடு 'சி' 60. கம்பியை இழுத்து வளைத்தால் எவ்வளவு வளைந்தது என்பதற்கு இன்னோர் இலக்கம், அதில் 16,384 படிகள். அப்படியென்றால் ஒரு கமகம் இந்த வயரில் போகும்போது தொடக்கச் சுரத்தின் இலக்கமாகவும், பின்னால் ஓடுகிற வளைவு இலக்கங்களின் வரிசையாகவும் மாறிப்போகுது. ஆறு கம்பியும் ஆறு தனி வழியில் போனால்தான் ஒரு கம்பியை வளைக்கும்போது மற்றக் கம்பிகள் சேர்ந்து வளையாது. அதனால்தான் அந்த ஆறு பின்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் லா பத்ரி என்ற சின்ன ஊர் இருக்கு. 1972 முதல் ரொபெர் கோடான் என்பவர் அங்கே கிட்டார் செய்யத் தொடங்கினார். நைலோன் கம்பிக் கிட்டாருக்குள்ளேயே ஆறு படிகங்களையும் 13 பின் ஓட்டையையும் செய்யும்போதே வைத்துத் தருகிற 'மல்டியாக்' வகை அவர்களுடைய பட்டறையில் இருந்துதான் பெயர் பெற்றது. மாமா எங்களுக்கு விட்டுப்போனதும் அந்த வகைதான்.

இப்போது தமிழ்ப் பக்கம் வருவோம். இந்தத் தொழில்நுட்பத்தின் கதையில் தமிழருக்கு என்ன வேலை என்று நாங்களும் நினைத்தோம். தேடினால் கதை யாழ்ப்பாணத்தில் போய் நிற்குது.

ஜோன் மெக்லாக்லின் இங்கிலாந்துக் கிட்டார்காரர். அமெரிக்காவில் எஸ். ராமநாதனிடம் வீணை படித்தவர். 1970களில் அவர் 'சக்தி' என்ற குழுவைத் தொடங்கினார். வயலினுக்கு எல். சங்கர், தபலாவுக்கு சாகிர் உசேன், கடத்துக்கு விக்கு விநாயக்ராம். இந்தச் சங்கர் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். அவருடைய அப்பா வி. லக்ஷ்மிநாராயணா அங்கே இசை கற்பித்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்குப் போனது. அந்த ஆண்டு ஓடிப்போன குடும்பங்களோடு என்னென்ன போனது என்று எங்கட வரலாற்றுப் பாடத்தில் கணக்கு இல்லை. ஒரு வயலின் வீடே போயிருக்கு.

சக்தி குழுவுக்காக மெக்லாக்லின் ஒரு தனிக் கிட்டார் செய்வித்தார். வழமையான ஆறு கம்பிக்குக் குறுக்கே, சாய்வாக, ஏழு அனுதாபக் கம்பிகள். மெட்டுகளுக்கு இடையில் மரத்தைக் குடைந்து குழியாக்கி இருந்தார்கள், வீணையில் இழுக்கிற மாதிரிக் கம்பியை இழுக்கலாம். அதாவது கமகத்துக்காக மரத்தையே வெட்டினார்கள். பத்து வருடம் கழித்து, 1984இல், அதே மனிதர் 'மகாவிஷ்ணு' இசைத்தட்டில் சின்கிளேவியர் என்ற பெரிய டிஜிட்டல் மெசினைக் கிட்டாரால் ஓட்டினார். 1989 நவம்பரில் லண்டன் ரோயல் ஃபெஸ்டிவல் ஹோலில் த்ரிலோக் குர்து தாளம் வாசிக்க, நைலோன் கம்பி அக்கூஸ்டிக் கிட்டாரில் மிடி கருவி பூட்டி வாசித்த கச்சேரி இசைத்தட்டாக இருக்கு. அதற்குப் பிறகு 2007இல் சென்னைக்கு வந்து 'ஃப்ளோட்டிங் பொயின்ட்' என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார், 2008இல் வெளிவந்தது. அதில் கிட்டார் சிந்தசைசர் காற்று வாத்தியம் போல நீண்டு ஒலிக்கிற இடங்கள் நிறைய.

எங்களை நிறுத்தியது இந்தக் கடைசி இசைத்தட்டின் ஒரு விசயம். புல்லாங்குழல் மாதிரி ஒலிக்கக்கூடிய கருவி கையில் இருக்கு. இருந்தும் அந்தப் பதிவில் சஷாங்க், நவீன்குமார் என்று இரண்டு புல்லாங்குழல்காரர்கள் வாசித்திருக்கிறார்கள். மெசினிடம் குழல் சத்தம் இருக்கு என்று குழல்காரரை வீட்டுக்கு அனுப்பவில்லை. எங்கட ஊர்க் கலியாண மேடைகளில் நடக்கிறது வேறு. ஒரு கீபோட், ஒரு ஆள், அதற்குள் தவில் முதல் சாக்ஸபோன் வரை எல்லாம். குறை சொல்லவில்லை, செலவு அப்படி. ஆனால் யாருக்குப் பதிலாக அந்தக் கீபோட் வந்தது என்று யாரும் பேர் சொல்லிக் கேட்பதில்லை.

சங்கர் பற்றி இன்னொரு வரி. 1980இல் அவர் பத்துக் கம்பி, இரண்டு கழுத்து உள்ள எலக்ட்ரிக் வயலின் ஒன்றை வடிவமைத்தார். டபிள் பாஸ் முதல் வயலின் வரை முழு வில் வாத்தியக் குடும்பத்தின் வீச்சும் ஒரே ஆளின் கைக்குள். அங்கேயும் அதே ஆசைதான், மற்ற வாத்தியத்தின் குரலை எங்கட கைக்குள் கொண்டுவருவது. ஆனால் அவர் வில்லை விடவில்லை. இது பிறகு எங்களுக்கு உதவியது.

இனிப் பறங்கியர். மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628இல். பத்து வருடத்தில், 1638 மே மாதம், ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் மொழியும் பாட்டும் போகவில்லை. போர்த்துக்கேயக் கிரியோல் மொழி மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் இந்த நூற்றாண்டு வரைக்கும் பேசப்படுது. தச்சுவேலை, இரும்புவேலை, தையல், துவக்குத் திருத்துவது என்று கைத்தொழிலில் பேர் வாங்கின சமூகம். கலியாணத்துக்கு கஃப்ரிஞ்ஞா, லான்சர்ஸ். கஃப்ரிஞ்ஞா என்ற பெயரிலேயே போர்த்துக்கேயர் கூட்டிவந்த ஆபிரிக்கரின் தடம் இருக்கு. தாளம் ஆறெட்டு. வயலின் மெட்டைத் தூக்கும், கிட்டார் தாளத்தைப் பிடிக்கும், றபானோ மேளமோ அடியில் ஓடும். சிங்களப் பைலாவுக்கும், ஏ.ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் ஆட்களின் தமிழ்ப் பொப்புக்கும் இந்தத் தாளம்தான் பாட்டி. 'சுராங்கனி'க்கு ஆடாத தமிழ்க் கலியாண வீடு உண்டா? அந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மட்டும் எல்லாரும் கோவாவைக் காட்டுவார்கள். இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கு.

ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டும். போர்த்துக்கேயரோடு இறங்கியது இன்றைய ஆறு கம்பிக் கிட்டார் இல்லை. அந்தக் காலத்துக் கிட்டார்கள் சின்னவை, கம்பிகள் சோடி சோடியாகக் கட்டப்பட்டவை. இன்றைய வடிவம் 19ஆம் நூற்றாண்டில்தான் ஸ்பெயினில் நிலைத்தது. ஆகவே டச்பாரில் இன்று வாசிக்கிற கிட்டார் பிறகு வந்தது. அதை வாசிக்கிற வலது கைதான் பழையது. இந்த வித்தியாசத்தை நாங்கள் கலியாண வீட்டில்தான் உணர்ந்தோம்.

கே. டேவிட் ஜாக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் இங்கே வந்து பறங்கியர் பாடல்களைப் பதிவு செய்தார். 1990இல் அதைப் பற்றி ஒரு நூலும், 1998இல் போர்த்துக்கலில் 'பைலா செய்லாவ் கஃப்ரிஞ்ஞா' என்ற இசைத்தட்டும் வந்தன. பிறகு ஹியூகோ கார்டோசோ தலைமையில் லிஸ்பன் பல்கலைக்கழக ஆட்கள் மொழியையும் இசையையும் ஆவணப்படுத்தினார்கள். நல்ல வேலை. ஆனால் பதிவு இருக்கிற இடம் லிஸ்பன், வாசிக்கிற ஆள் இருக்கிற இடம் டச்பார். இடையில் 2004 டிசம்பர் 26. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கின நிலம் டச்பார். அந்தக் காலையில் அங்கே பறங்கியர் குடும்பங்கள் பட்டது எங்கட வயதுக்காரருக்குக் கதையாகத்தான் தெரியும், நாங்கள் அப்போது கைக்குழந்தைகள் அல்லது பிறக்கவே இல்லை. அதற்கு முன்னும் பின்னும் அவுஸ்திரேலியாவுக்குப் போனவர்கள் வேறு. வயலின் வாசிக்கிறவர் 'இப்ப இல்ல' என்று எங்களிடம் கேட்க வந்தவர்கள் சொன்னபோது, ஏன் இல்லை என்று திருப்பிக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

கலியாணத்துக்குப் போனோம். ஒத்துக்கொள்ள வேண்டும், ஆசையில்தான் போனோம். இரண்டு கஃப்ரிஞ்ஞாவுக்கு எங்கட பெட்டியின் வயலின் சத்தத்தில் மெட்டு வாசித்தோம். சின்னப் பிரச்சினை ஒன்று இருந்தது. தடித்த கம்பிகளில் வாசித்தால் சத்தம் கொஞ்சம் பிந்தி வந்தது. இது பெட்டியின் பழுது இல்லை, பௌதிகம். தடித்த கம்பி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 82 தரம் அதிரும். ஒரு அதிர்வு முடிய 12 மில்லிசெக்கன். என்ன சுரம் என்று தெரிய மெசின் ஒன்றிரண்டு அதிர்வாவது பார்க்க வேண்டும். மெல்லிய கம்பி 330 தரம் அதிரும், அதற்கு 3 மில்லிசெக்கன் போதும். எவ்வளவு கெட்டிக்கார மெசினாக இருந்தாலும் கம்பி அதிர முன்னம் அது என்ன சுரம் என்று சொல்ல ஏலாது. ஆகவே மெல்லிய கம்பிகளிலேயே சமாளித்தோம். ஆட்டம் நல்லா நடந்தது. சின்னப் பிள்ளைகள், பாட்டிமார், எல்லாரும் ஆடினார்கள்.

ஒருத்தரும் குறை சொல்லவில்லை. அதுதான் எங்களுக்குப் பிரச்சினையாகப் போச்சு. வயலின் இல்லாத இடத்தில் வயலின் இல்லை என்பதே தெரியாமல் போனால், அடுத்த வருடம் வயலின் பழக யார் பிள்ளையை அனுப்பப் போகினம்? அந்த வெற்றிடத்தை நாங்கள் நிரப்பினோமா, மூடி மறைத்தோமா?

ஒருத்தர் மட்டும் கண்டுபிடித்தார். அந்தக் குழுவில் கிட்டார் வாசிக்கிற அங்கிள். எழுபது வயது தாண்டினவர், வாழ்நாள் முழுக்கத் தச்சுவேலை. சாப்பாடு முடிந்து எங்கட கிட்டாரை வாங்கி மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மர வேலையை மெச்சினார். ஓட்டையை எண்ணினார். பிறகு சிரித்துக்கொண்டு கேட்டார். 'வயலின் சத்தம் வருது மகன். வில் எங்க?'

அவர் கேட்டது என்ன என்று விளங்க எங்களுக்கு ஒரு கிழமை எடுத்தது. கிட்டார் கம்பியைத் தட்டினால் சத்தம் அந்த நேரம்தான் பெரிசு, பிறகு தேய்ந்துகொண்டே போகும். வில் அப்படி இல்லை. மெல்லத் தொடங்கி, நடுவில் அழுத்தி, திரும்பும்போது ஒரு மூச்சு விட்டு, திரும்பவும் வரும். கஃப்ரிஞ்ஞாவின் ஆறெட்டு அந்த வில் திரும்புகிற இடத்தில் இருக்கு. எங்கட பெட்டிக்குப் போனது கிட்டார் விரல்களின் இலக்கம். வில்லின் இலக்கம் போகவே இல்லை, ஏனென்றால் வில்லே இல்லை. சங்கர் பத்துக் கம்பி வைத்தும் வில்லை விடாததன் காரணம் அப்போதுதான் உறைத்தது.

இந்த இடத்தில் விபுலாநந்தரைக் கொண்டுவராமல் விட முடியாது. அவரது சமாதி எங்கட அறையில் இருந்து நடந்து போகிற தூரம், கல்லடி உப்போடையில். எங்கட பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கும் அவருடைய பேர்தான். 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனன், விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞானம் கற்பித்தவர், பிறகு துறவி, தமிழ்ப் பேராசிரியர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் வைத்துக்கொண்டு, வழக்கொழிந்துபோன யாழைக் கணக்கால் மீட்கப் பார்த்தார். பேரியாழுக்கு 21 கம்பி, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று பழைய நூல்கள் சொல்கின்றன. எந்தக் கம்பி எந்தச் சுரம், நீளத்துக்கும் சுருதிக்கும் என்ன விகிதம் என்று அவர் போட்ட கணக்குத்தான் 'யாழ் நூல்'. 1947 யூனில் திருக்கொள்ளம்புதூர்க் கோயிலில் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் அரங்கேறியது. அவருடைய கணக்குப்படி செய்த யாழ்களும் அங்கே இசைக்கப்பட்டன. அடுத்த மாதம் 19ஆம் திகதி அவர் காலமானார். வாவியின் நாதத்தைக் கேட்டு 'நீரர மகளிர்' பற்றிப் பாட்டு எழுதினவரும் இவர்தான்.

பள்ளிக்கூடத்தில் இதை எங்களுக்குப் பெருமைக் கதையாகத்தான் சொல்லித் தந்தார்கள். இப்போது அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டின பிறகு படித்தால் வேறு மாதிரித் தெரியுது. கம்பியை இலக்கமாக்குவது மெசின் வரும் முன்னமே எங்கட ஊர்க்காரர் ஒருவர் செய்த வேலை. அவர் கையில் யாழும் இல்லை, யாழ் வாசிக்கிற ஆளும் இல்லை. இருந்தது வரிகளும் விகிதங்களும். சுரத்தை மீட்கலாம். விரலை மீட்க அவருக்கு வழி இருக்கவில்லை.

எங்கட பெட்டியிலும் யாழுக்குக் கிட்டத்தட்டச் சொந்தமான ஹார்ப் என்ற சத்தம் இருக்கு. ஒரு பின்னேரம் அதில் வாசித்துப் பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் பழக்கதோசத்தில் கம்பியை வளைத்தால் ஹார்ப் வளைந்தது! ஒரு கம்பிக்கு ஒரு சுரம் என்று கட்டின வாத்தியத்தில், மெட்டும் இல்லாமல், அப்படியொரு வளைவு இலேசில் வராது. யாழின் குரலில் கிட்டாரின் கை பேசினது. யாழ் மாதிரி வாசிக்க வேண்டுமென்றால் நாங்கள் இழுப்பதை நிறுத்தி, ஒரு கம்பிக்கு ஒரு சுரம் என்று கட்டுப்பட்டு, கையைத் திரும்பப் பழக்க வேண்டும். மெசின் குரலைத்தான் இரவல் தருது. கை இரவலுக்குக் கிடையாது.

விபுலாநந்தருக்குக் கிடைக்காத ஒன்று எங்களுக்குக் கிடைத்திருக்கு என்று அப்போதுதான் யோசித்தோம். எங்கட ஊரின் கஃப்ரிஞ்ஞாவுக்கு இன்னும் கை இருக்கு. உயிரோடு, இரண்டு கிலோமீற்றருக்குள், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வீட்டில் இருக்கிற கை.

டிவி திருத்துகிற அண்ணா ஒருவரிடம் போனோம். 13 பின் வயரில் இருந்து முதல் ஆறு பின்னை மட்டும் பிரித்து, ஆறு தனி வயராக இழுத்து, ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் சால்டர் வைத்துத் தந்தார். காசு வேண்டாம், பாட்டுப் போடும்போது தன் கடைப் பேரைச் சொன்னால் போதும் என்றார். பல வழியில் ஒரே நேரத்தில் பதிவு செய்கிற கருவியை ஒரு ஸ்டூடியோக்காரரிடம் இரண்டு நாளுக்கு இரவல் வாங்கினோம். இம்முறை சிந்தசைசர் பெட்டியின் சத்தங்கள் எதுவும் இல்லை. அங்கிளின் வீட்டு விறாந்தையில், எங்கட கிட்டாரை அவர் கையில் கொடுத்து, அவர் கஃப்ரிஞ்ஞாவுக்குத் தாளம் வாசிக்க, ஆறு கம்பியையும் ஆறு தனித்தனிப் பதிவாக எடுத்தோம். ஒரு பாட்டைப் பிரித்துக் கேட்கலாம். ஒன்றாம் கம்பி மட்டும், மூன்றாம் கம்பி மட்டும், வலது கை எந்தக் கம்பியை எப்போது தொடுது, எப்போது விடுது என்று. பழக விரும்புகிற ஒரு பிள்ளைக்கு இது யூடியூப் வீடியோவைவிட உதவும் என்பது எங்கட எண்ணம்.

நைலோன் கம்பி அவருக்குப் பிடிக்கவில்லை. 'இது அழுகிற கம்பி, எனக்கு இரும்புக் கம்பி வேணும்' என்று இரண்டு தரம் சொன்னார். ஆனாலும் ஐந்து பாட்டு வாசித்தார். நடுவில் மனைவி வந்து, கிரியோலில் ஏதோ சொல்லி, இரண்டாவது பாட்டை நிறுத்திவிட்டார். வேகம் பிழையாம். திரும்பத் தொடங்கினார்கள். அதையும் வெட்டாமல் வைத்திருக்கிறோம்.

வயலின் பிரச்சினை தீரவில்லை. கலியாணத்துக்கு அடுத்தமுறை கேட்டால், வயலின் சத்தத்தில் வாசிப்பதில்லை, வேண்டுமென்றால் கிட்டாராகவே வருகிறோம் என்று முடிவெடுத்திருக்கிறோம். இந்த முடிவில் எங்களுக்குள் இன்னும் ஒற்றுமை இல்லை. சந்தோசமாக ஆடுகிற ஆட்களுக்கு நாங்கள் யார் பாடம் எடுக்க என்று ஒருத்தன் கேட்கிறான், அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கு. அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கர்நாடக வயலின் படிக்கிற இரண்டு பேரிடம் பேசியிருக்கிறோம். ஒருத்தி அங்கிள் வீட்டுக்கு வர ஒத்துக்கொண்டாள். வில் திரும்புகிற இடம் அவர் வாயால் பாடிக் காட்டினால் பிடித்துவிடுவேன் என்கிறாள்.

பதிவு முடிந்த பின்னேரம் லாப்டொப்பில் கம்பி கம்பியாகப் போட்டுக் காட்டினோம். முதல் ஐந்தும் எதிர்பார்த்த மாதிரித்தான். ஆறாவது தடித்த கம்பியைத் தனியே போட்டபோது சுரமே இல்லை. பெருவிரல் கம்பியை அமுக்கி வைத்திருக்க, உள்ளங்கை அதில் தட்டின 'தும் தக தும் தக' மட்டும் ஓடியது. அந்தக் கையிலேயே றபான் இருந்திருக்கு. தான் அப்படி வாசிக்கிறது அங்கிளுக்கே தெரியாது. கதிரையை இழுத்து லாப்டொப்புக்குக் கிட்டப் போட்டுக்கொண்டார்.

'அதத் திரும்பப் போடுங்க மகன். மற்றத நிப்பாட்டிட்டு, அத மட்டும்.'